மகள் வரைந்த தூக்குமரம்

இது நடந்து மூன்று வருடமாகிறது. மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மகளின் கிண்டர், அதாவது பாலர் பள்ளி, இருந்தது. அவளுக்கு அப்போது நாலரை வயது. ஓகஸ்ட் மாதம், குளிர் இன்னும் விடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிண்டர் ரீச்சர் தொலைபேசியில் அழைத்து, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நேரில் கதைத்தால் நல்லது என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நான் பயப்படத் தொடங்கிவிடுவேன். மகளுக்குக் காய்ச்சலா, யாரையாவது கடித்துவிட்டாளா, சாப்பாட்டுப் பெட்டிக்குள் தவறிக் கச்சான் கடலை ஏதும் போய்விட்டதா என்று வழி முழுவதும் யோசித்துக்கொண்டு போனேன்.

ரீச்சர் என் முன்னால் வைத்தது ஒரு படம். மண்ணிறச் சோக்கால் ஒரு மரச்சட்டம். அதில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு ஆள். கீழே ஒரு வண்டி, நிறையத் தலைகள், ஓரத்தில் ஒரு நாய். தொங்கிய ஆளுக்கு வழுக்கைத் தலையும் வட்டக் கண்ணாடியும் இருந்தன. இது யார் என்று ரீச்சர் கேட்டபோது, "அப்பப்பா" என்று மகள் சொன்னாளாம்.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்தது. அதை விளங்கப்படுத்த, முதலில் என் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அச்சுப் படங்களைச் சேர்க்கிறவள். செப்புத் தகட்டில் கீறி, மை பூசி, ஈரக் கடதாசியில் அழுத்தி எடுத்த படங்கள். அந்தக் காலத்தில் லண்டன் கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் இவற்றைத் தொங்கவிடுவார்கள். வாங்க வசதியில்லாதவர்கள் தெருவில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். என்னிடம் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று நையாண்டி: வயிறு பெருத்த மந்திரிகள், கோபுரம் மாதிரிக் கொண்டை வைத்த சீமாட்டிகள். மற்றது குற்றம்: வழிப்பறிக்காரர், சிறை, தூக்குமரம். தூக்கு நாளன்று கூட்டத்துக்குள் விற்பதற்காக, சாகப்போகிறவரின் கடைசி வாக்குமூலம் என்று ஒரு தாளும் அடிப்பார்கள். அவர் வாய் திறப்பதற்கு முதலே அது அச்சாகி விற்பனைக்குத் தயாராக இருக்கும். அப்படிப்பட்ட தாளும் ஒன்று வைத்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தபோது வந்த ஆர்வம் இது. இரண்டு வெள்ளிக் கரண்டி களவெடுத்ததற்குத் தூக்கு என்று இருந்த காலம். தூக்கிலிருந்து தப்பியவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பியதும் நான் இருந்து படித்துக்கொண்டிருந்த இந்த நாட்டுக்குத்தான். முதலாவது படத்தை ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த பழைய புத்தகச் சந்தையில் வாங்கினேன். மகள் அப்போது வயிற்றில் ஆறு மாதம். படத்தைச் சுற்றி விரலை ஓட்டினால் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் தட்டுப்பட வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கடதாசிக்குள் கோடு கோடாகத் தடம் தெரிய வேண்டும். இரண்டும் இருந்தால் அநேகமாக அசல். அந்த 'அநேகமாக'வுக்காகவே வாங்கிய ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தரம் திருப்பிக் கொடுக்க நினைத்திருக்கிறேன். அப்படியே பதினொன்று சேர்ந்துவிட்டது.

எங்கள் ஆட்களிடம் இதை நான் சொல்வதில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் படங்கள் இருக்கும் சின்ன அறையின் கதவைச் சாத்திவிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் சாத்திவிட்டுத்தான் விளக்கு ஏற்றுவேன். ஒருமுறை கேரம் டவுன்ஸ் கோயிலில் ஒரு அன்ரி, "பழைய படங்கள் சேக்கிறீராமே, சாமிப் படங்களோ?" என்று கேட்டார். "அப்பிடித்தான் அன்ரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் கணவர் அவற்றை வெள்ளைக்காரன்ரை செத்தவீட்டுப் படங்கள் என்பார். அவருக்கு அந்த வருடம் சிட்னியில் வேலை. கிழமை நாட்களில் அங்கே டூங்கபியில் தமக்கையின் வீட்டில் தங்கிவிட்டுச் சனி ஞாயிறுதான் வருவார். வீட்டில் நானும் மகளும் அவருடைய தகப்பனாரும்.

மாமா போரின் கடைசி வரை வன்னியில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே நடந்ததைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை, மகனுக்கும் சொன்னதில்லையாம். என் படங்களைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே ஆள் அவர்தான். தூக்குமரப் படத்துக்குச் சட்டம் போட்டு வந்தபோது, வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்று ஒட்டுக்கொக்கி வாங்கி வந்து, மட்டம் பார்த்து மாட்டித் தந்தவரும் அவரே. மாட்டிவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆர் பிள்ளை இந்தச் சனமெல்லாம்? தேர் பாக்க வந்த மாதிரி நிக்குதுகள்."

உண்மையில் அந்தப் படம் அப்படித்தான் இருக்கும். தூக்குமரம் ஒரு மூலையில் சின்னதாக. மிச்சமெல்லாம் கூட்டம். ஒருவன் மதிலில் இருந்து சாப்பிடுகிறான், ஒருத்தி அப்பிள் விற்கிறாள், ஒரு தாய் குழந்தைக்கு வடிவாகத் தெரியட்டும் என்று தூக்கிக் காட்டுகிறாள்.

மகள் ஒருநாள் அந்தக் குழந்தையைக் காட்டி, அது என்ன பார்க்குது என்று கேட்டாள். பிள்ளைகள் கேட்டால் உண்மையை மறைக்காமல் அளவாகச் சொல்ல வேண்டும் என்று நான் வாசித்த பிள்ளை வளர்ப்புப் புத்தகத்தில் இருந்தது. அளவு எது என்று அதில் இருக்கவில்லை. அந்த ஆள் களவெடுத்தவர், அந்தக் காலத்தில் அதற்குத் தூக்கில் போடுவார்கள் என்று சொன்னேன். அவர் சொறி சொல்லி மன்னிப்புக் கேட்டவரா என்று கேட்டாள். சொல்லியிருப்பார் என்றேன். பிறகும் ஏன் தூக்கினவை என்று கேட்டாள். அந்தக் காலத்துச் சட்டம் அப்பிடியம்மா என்று சொல்லிப் பால் காய்ச்சப் போய்விட்டேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

தொங்கிய ஆளுக்கு ஏன் அப்பப்பாவின் முகம் என்பதிலும் மர்மமில்லை. அவளுக்கு ஆண்கள் எல்லோரையும் அப்படித்தான் வரையத் தெரியும். கிறிஸ்மஸுக்கு அவள் வரைந்த நத்தார்த் தாத்தாவுக்கும் அதே வழுக்கை, அதே கண்ணாடி.

இவ்வளவையும் அன்று ரீச்சரிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோது அவர் முந்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, உங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது இல்லையா, வீட்டில் போரை நேரில் கண்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஓம், என் மாமனார் என்றேன். பின்னேரத்தில் கூட்டிப்போக வருகிறவர்தானே? ஓம். பார்த்தவற்றைப் பிள்ளைக்குச் சொல்வாரா?

எனக்குத் தெரியாது என்றேன்.

அதற்கு முதல் சொன்னவை எல்லாம் உண்மை. அது ஒன்றுதான் பொய். ரீச்சருக்கு முன்னால் ஒரு படிவம் இருந்தது. தூக்குமரத்தை வீட்டில் மாட்டி, நாலரை வயதுப் பிள்ளைக்கு விளக்கமும் சொன்ன தாய் என்று அதில் எழுதினால் அது எங்கெல்லாம் போகும் என்று யோசித்தேன். பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் ஆட்களுக்குள் உலவும் கதைகளும் ஞாபகம் வந்தன. ரீச்சரின் முகத்திலோ வேறொரு காரணம் இரக்கத்தோடு ஆயத்தமாக இருந்தது. நான் அதற்குத் தலையாட்டினால் போதும்.

குடும்பங்களுக்கு உதவும் அலுவலர் ஒருவர் வந்து எல்லோரோடும் கதைப்பார், அதுவரைக்கும் முடிந்தால் பிள்ளையை நீங்களே வந்து கூட்டிப்போங்கள் என்றார். வீட்டுக்கு வந்தபோது மாமா குசினியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கிண்டரில் ஏதோ புது ரூல் போட்டிருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு நானே போய்க் கூட்டி வாறன் என்று சொன்னேன்.

"ஓம் பிள்ளை. உங்கடை வசதி" என்றார். என்ன ரூல் என்று கேட்கவில்லை.

கிண்டருக்குப் போய் வருவது அவருக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே உத்தியோகம். வெயில் மழை எதுவானாலும் குடையோடு அரை மணித்தியாலம் முந்தியே போய்விடுவார். கேற்றடியில் இரண்டு சீனத் தாத்தாமார் நிற்பார்கள். மூவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. வானத்தைக் காட்டுவார்கள், முழங்காலைக் காட்டுவார்கள், சிரிப்பார்கள். நான் போகத் தொடங்கிய மூன்றாம் நாள் அவர்களில் ஒருவர் என்னை மறித்து, கையை உயர்த்தி ஒரு உயரம் காட்டி, குடை பிடிப்பதுபோல் காட்டி, எங்கே என்பதுபோல் கையை விரித்தார். நல்லாயிருக்கிறார் என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

வீட்டில் அந்த நேரம் வரும்போது மாமா எழும்பிச் சப்பாத்தைப் போடுவார். ஞாபகம் வந்ததும் திரும்பக் கழற்றி வைப்பார். இப்படி இரண்டு கிழமை. இடையில் நான் படத்தைக் கழற்றி அட்டைக் கோப்புக்குள் வைத்துவிட்டேன். வெளிச்சம் பட்டால் மை மங்கிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். எங்கே படம் என்று மகள் கேட்டபோது துடைக்க எடுத்தனான் என்றேன். கணவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ரீச்சருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன். முதல் நாளே சொல்லாமல் விட்டதற்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வருவேன்.

அலுவலர் வருகிற நாளும் வந்தது. பள்ளிக்கூட விஷயம், உங்களையும் வரட்டாம் என்று மட்டும் மாமாவிடம் சொன்னேன். அவர் சட்டையை அழுத்தி மினுக்கிப் போட்டுக்கொண்டு, வழமையான குடையோடும் ஒரு பிளாஸ்ரிக் ஃபைலோடும் வந்தார். கடவுச்சீட்டு, விசாக் கடிதம், தடுப்பூசி அட்டை, எல்லாம் அதற்குள் இருந்தன.

"இது என்னத்துக்கு மாமா?"

"கேட்டா?"

கிண்டரில் ஒரு சின்ன அறை. பிள்ளைகளின் கதிரைகளைத் தவிர வேறு இருக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் முழங்கால் நெஞ்சில் முட்ட அவற்றில் இருந்தோம். நடுவில் மேசை. அலுவலர் என் வயதுப் பெண், நல்ல மாதிரி. ரீச்சர் பக்கத்தில் இருந்தார். மேசையில் இருந்த தொலைபேசியின் ஸ்பீக்கரில் மொழிபெயர்ப்பாளர் கதைத்தார். இந்தியத் தமிழ், மரியாதையான குரல்.

"வணக்கம் ஐயா. போர்ல நீங்க பார்த்ததைப் பத்திக் குழந்தைகிட்ட ஏதாவது சொல்லியிருக்கீங்களான்னு கேக்கறாங்க. தப்புன்னு சொல்லல. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

அலுவலர் மகளின் படத்தை மாமாவின் பக்கமாகத் திருப்பி வைத்தார். மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அவர் மாட்டிய படம். வண்டி, கூட்டம், நாய், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஒருதரம் என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பார்த்துச் சொன்னார்.

"ஓம். சொல்லியிருப்பன்."

"சொல்லியிருக்கீங்களா ஐயா?"

"ஓம். வயது போட்டுது. இனிச் சொல்ல மாட்டன்."

அலுவலர் எழுதத் தொடங்கினார். அவர் எழுதும் சத்தம் கேட்டது. ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி மாமா நிமிர்ந்து இருந்தார்.

அது உண்மையில்லை என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தொலைபேசிக் குரல் கடமை தவறாமல் உடனே சொன்னது: "அது உண்மையில்லன்னு உங்க மருமக சொல்றாங்க ஐயா."

அதன் பிறகு நான் சொன்ன ஒவ்வொரு வசனமும் அப்படியே தமிழாகி மாமாவுக்குப் போனது. அவங்க ரூம்ல ஒரு பழைய படம் மாட்டியிருந்தாங்களாம். குழந்தை கேட்டப்போ அவங்கதான் விளக்கம் சொன்னாங்களாம். முதல் நாளே அது தெரியுமாம். பயத்துல சொல்லாம விட்டுட்டாங்களாம். நீங்க எதுவும் சொன்னதில்லைன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியுமாம். பக்கத்தில் இருந்த மனிதருக்கு நானே தமிழில் சொல்லியிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று இப்போதும் நிச்சயமில்லை.

என் போனில் அந்த அச்சுப் படத்தின் பிரதி இருந்தது. எடுத்து, மகளின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ரீச்சர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். தாய் தூக்கிக் காட்டுகிற குழந்தையில் வந்து நிறுத்தினார்.

"இது எந்த இடம்?"

"லண்டன்" என்றேன்.

"இடம் லண்டனாம் ஐயா" என்றது தொலைபேசி.

நான் இரண்டு கிழமையாகப் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அலுவலர் எழுதியதை வெட்டிவிட்டு வேறு எழுதினார். பிள்ளை வளரும் வரைக்கும் இப்படியான படங்களை அவளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்றார். தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டார், ரீச்சரும் கேட்டார். அவர்கள் கேட்டதைக் குரல் தமிழில் சொன்னது. நான் கேட்க வேண்டியதை மட்டும் ஒருவரும் மொழிபெயர்க்க இருக்கவில்லை.

மகளுக்கு வகுப்பு முடிய இன்னும் நேரம் இருந்தது. வெளியே வந்து மதிலோரமாக நின்றோம். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா என்றேன். "சரி, சரி" என்றார். நாங்கள் இருவரும் அப்படிக் கதைத்துப் பழகியவர்கள் இல்லை. ஆனாலும் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னைக் காப்பாத்தவோ மாமா ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

அவர் குடையின் பட்டியைக் கழற்றித் திரும்பப் பூட்டினார்.

"உண்மையைச் சொன்னா, உங்களை நினைக்கேல்லைப் பிள்ளை. மேசையிலை கடதாசியை வச்சுக்கொண்டு ஒராள் எழுத, ஒராள் தமிழிலை மாத்திக் கேட்டா, ஓம் எண்டிட்டுப் போயிடவேணும். இல்லையெண்டு சொன்னா, திரும்பத் திரும்ப அதையேதான் கேப்பினம். ஓம் எண்டா கெதியா விடுவினம்."

பிறகு லேசாகச் சிரித்தார். "போனிலை கதைச்ச இந்தப் பிள்ளை எண்டாலும் ஐயா எண்டு கூப்பிட்டுக் கேட்டுது."

எங்கே, எப்போது, யார் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஐந்து வருடம் ஒரே வீட்டில் இருந்து எனக்குத் தெரியாத ஒன்றை, அந்தச் சின்னக் கதிரையில் அவரைக் கொண்டுபோய் இருத்தித்தான் தெரிந்துகொண்டேன். மணி அடித்தது. மகள் ஓடி வந்து, இரண்டு பேரும் ஏன் வந்தனீங்கள் என்று கேட்டாள். உன்ரை படம் பாக்க வந்தனாங்கள் என்று மாமா சொன்னார். "நாய் நல்லாக் கீறியிருக்கிறாய். அப்பப்பாவைத்தான் கொஞ்சம் மெலியக் கீறிப் போட்டாய்."

அடுத்த நாளிலிருந்து அவரே போய்க் கூட்டி வந்தார். அந்தச் சனிக்கிழமை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழும்பித் தகப்பனின் அறைக்குள் போனார். உள்ளே கிரிக்கெட் பார்த்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். வேறு சத்தம் கேட்கவில்லை.

படங்கள் சேர்ப்பதை நான் விடவில்லை. இப்போது பதினான்கு இருக்கின்றன. இன்றைக்கும் யாராவது என்னைப் பற்றியோ என் வீட்டைப் பற்றியோ ஒரு காரணத்தைத் தாங்களே சொல்லி, அப்படித்தானே என்று இரக்கத்தோடு கேட்டால் 'ஓம்' என்ற சொல் வாய்க்கு வந்துவிடுகிறது. அதைச் சொல்வதற்கு முன், எனக்குப் பதிலாக எந்த மேசைக்கு முன்னால் யார் போய் இருக்க வேண்டிவரும் என்று ஒரு கணம் பார்த்துக்கொள்கிறேன்.